கழற்றிவிட்டுக் கேளுங்கள்

மினதி ஸ்வாயின் கத்திய கத்தல் அந்தத் திருப்பூர் பனியன் யூனிட்டில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ஒருவர் காதிலும் கத்தலாக விழவில்லை.

"இந்த மிஷின் ஆளைக் காவு வாங்கப் போகுது! கை பக்கத்தில் போனாலும் உருளை நிற்க மாட்டேன் என்கிறது! இப்போதே நிறுத்துங்கள்!" என்றுதான் அவள் ஒடியாவில் கத்தினாள். மேலாளர் அவினாசியப்பனின் காதுக்குள் இருந்த இன்சொல் வில்லை அதைத் தமிழாக்கி, சூடு தணித்து, பக்குவமாகப் பரிமாறியது:

"வணக்கம் ஐயா. இந்த இயந்திரத்தை வசதிப்படும்போது ஒருமுறை பார்வையிட்டால் மகிழ்ச்சி அடைவேன்."

அவினாசியப்பன் தலையாட்டினார். வாய் திறந்து ஏதோ சொன்னார். மினதியின் காதில் இருந்த வில்லை அதை இனிமையான ஒடியாவாக்கிக் கொடுத்தது: "உங்கள் அக்கறைக்கு நன்றி, சகோதரி. கவனிக்கிறோம்."

மறுநாளும் கத்தினாள். மறுநாளும் நன்றி கிடைத்தது. அந்த வாரக் கடைசியில், காலை ஷிப்டில், அவள் தம்பி ரஞ்சனின் வலது கை விரல்கள் நான்கையும் அந்த உருளைகள் உள்ளே இழுத்துக்கொண்டன.

இன்சொல் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டிருந்தது. உளுந்தளவு வில்லை. காதுக்குள் வைத்துக்கொண்டால் போதும், உலகத்தில் எவன் எந்த மொழியில் பேசினாலும் உங்கள் மொழியில் கேட்கும். திருப்பூருக்கு ரயிலேறி வந்த ஒடியாக்காரரும் அசாமியரும் பீகாரியும் இறங்கிய மாத்திரத்தில் வேலை பார்க்க ஆரம்பித்ததற்கு அந்த வில்லைதான் காரணம். கூடவே ஒரு சலுகையும் உண்டு: கசப்பை எடுத்துவிட்டுத்தான் கொடுக்கும். பஸ்ஸில் சண்டை நின்றது. கட்சிக் கூட்டத்தில் கல்லெறி நின்றது. வேலைநிறுத்தம் என்ற சொல்லையே மக்கள் மறந்தார்கள். தமிழர்கள் தமிழர்களோடு பேசவும் வில்லையை மாட்டிக்கொண்டார்கள். ஏன் மாட்டார்கள்? நாள் முழுக்க யாரும் யாரையும் திட்டுவதாகத் தெரியாத ஊரில் வாழக் கசக்குமா?

மொழி கற்றுக்கொடுக்கும் புத்தகங்கள் அச்சாவது நின்றே போயிற்று. மொழிபெயர்ப்பாளர் என்ற வேலையும் ஒழிந்தது.

*

"விரலை மறுபடி முளைக்க வைக்கலாம்" என்றார் கோயம்புத்தூர் டாக்டர். "இப்போது அது பெரிய விஷயமில்லை. ஆனால் காயம் மூடிக்கொள்வதற்குள் ஆரம்பிக்க வேண்டும். மூடிவிட்டால் பிறகு அந்தக் கை அப்படியேதான்."

"ஆரம்பியுங்கள்" என்றாள் மினதி.

"கம்பெனி சம்மதிக்க வேண்டும். விபத்து அவர்கள் தப்பு என்றால் சிகிச்சை அவர்கள் பொறுப்பு. உங்கள் தம்பியின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே?"

ரஞ்சன் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஊரில் மிருதங்கம் மாதிரி ஒரு மேளம் வாசிப்பவன். "நானி" என்றான் மெதுவாக. நானி என்றால் ஒடியாவில் அக்கா. "விடு. ஊருக்குப் போய்விடலாம்."

"நீ வாயை மூடு" என்றாள் மினதி.

அன்று சாயங்காலம் குடியிருப்புக்குத் திரும்பியபோது, அறைத்தோழி பேச்சியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். தென்காசிக்காரி. வேறு யூனிட்டில் தையல். வில்லை அதிகம் வந்து சேராத அவள் ஊரில், குழாயடியில் அவள் குரல் கேட்டால் பக்கத்துத் தெரு வழிவிடும் என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

மினதி நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள், சுவரில் குத்தினாள், மேலாளரின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். பேச்சி சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவளையே உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒன் மூஞ்சி கத்துது. என் காதுல தேன் ஊத்துது. ரெண்டும் ஒட்ட மாட்டேங்குதே?"

மினதியின் காதில் விழுந்தது: "தோழி, உன் முகபாவமும் நான் கேட்பதும் சற்றே வேறுபடுகின்றன."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சி தன் காதில் இருந்த வில்லையைப் பிடுங்கினாள். மினதியிடம் கையை நீட்டி, மறுபடி சொல் என்று சைகை காட்டினாள். மினதி சொன்னாள். ஒடியா ஒரு வார்த்தையும் பேச்சிக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் புரிந்தது. அவள் கண் கலங்கிப் போனாள்.

மறுநாள் அவள் தொழிலாளர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்து, வில்லையை மாட்டிக்கொண்டு விவரம் சொன்னாள்.

"விசாரணை உண்டாம். ஆனா கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். நீ பேசுனதெல்லாம் இன்சொல் பதிவுல இருக்குன்னு கொண்டு போய்க் குடுத்திருக்கான். 'வசதிப்படும்போது பார்வையிடுங்கள்'னு நீ சொன்னதாத்தான் அதுல இருக்கு. ஆபத்துன்னு ஒரு வார்த்த இல்ல."

"நான் கத்தினேனே!"

"கத்துனது ஒன் தொண்டைக்கும் எனக்கும் தெரியும். பதிவுக்குத் தெரியாதே."

"அங்கே போய் மறுபடி கத்துகிறேன்."

"அங்கயும் இன்சொல் வழியாத்தான் கேப்பாவ. எழுதிக் குடுத்தாலும் அது வழியாத்தான் தமிழாகும். வெறும் வாயால பேச ஒரே ஒரு வழிதான் இருக்காம். அங்க நடக்கிற மொழியிலயே பேசணும். தமிழ்ல."

மினதி காதில் இருந்த வில்லையை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"தமிழ்" என்றாள், நெஞ்சை விரலால் தொட்டுக் காட்டி.

*

ரயில் நிலையத்துக்கு எதிரே பழைய புத்தகக் கடை வைத்திருந்த சாதிக், ஒரு பெண் வில்லையில்லாத காதோடு வந்து கையைக் காலை ஆட்டிப் பேசுவதைப் பார்த்து முதலில் பயந்துவிட்டார். கூட வந்த பேச்சி விஷயத்தை விளக்கினாள்.

"ஒடியாவுல இருந்து தமிழா? அந்த மாதிரிப் புத்தகம் எங்கப்பா காலத்துலயே நின்னு போச்சே. இருங்க இருங்க..." என்று உள்ளே போனவர், ஓர் அலமாரியின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கனத்த புத்தகத்தை உருவினார். அலமாரி சாய்ந்தது. அதைத் தோளால் தாங்கிக்கொண்டே புத்தகத்தை நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க. சீக்கிரம் போங்க, தோள் வலிக்குது."

'ஒடியா வழியே தமிழ்: அன்றாட உரையாடல்கள்' என்றிருந்தது அட்டையில். ஒரு பக்கம் ஒடியா, எதிர்ப்பக்கம் தமிழ். தமிழை எப்படி உச்சரிப்பது என்று ஒடியா எழுத்திலேயே கீழே போட்டிருந்தது. மினதி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சம்பளமில்லாத விடுப்பில் கம்பெனி அவளை அனுப்பியிருந்தது ஒரு வகையில் சௌகரியம். எழுந்ததிலிருந்து படிப்பு. சந்தையில், ரயில் நிலையத்தில், மருத்துவரிடம், விருந்தினர் வரும்போது என்று பாடம் பாடமாக மனப்பாடம் செய்தாள். சில நாள் கழித்துத் தெருமுனை டீக்கடையில் போய் நிமிர்ந்து நின்றாள்.

"ஐயா, வணக்கம். எனக்கு ஒரு குவளை தேநீர் தருவீர்களா? நான் மிகவும் களைப்புற்றிருக்கிறேன்."

டீ மாஸ்டர் குப்புசாமி ஆற்றிக்கொண்டிருந்த டீயைப் பாதியில் நிறுத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். வில்லை பேசும் தமிழை ஒரு வாயே பேசுகிறது! ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் எல்லோரும்.

"ஏனம்மிணி, கூத்துல ராணி வேசம் கட்டறீங்களா?"

மினதிக்குப் பெஞ்சுக்காரர் கேட்டது புரியவில்லை. சிரிப்பு மட்டும் புரிந்தது. டீயைக் குடிக்காமலே அறைக்கு ஓடினாள். புத்தகத்தை மூலையில் வீசினாள்.

பேச்சி அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். படிக்கப் படிக்க அவளுக்கும் சிரிப்பு வந்தது. "இதுல தப்பு ஒண்ணுமில்லட்டி. தமிழ்நாட்டுல யாரும் இப்படிப் பேசுறதில்ல, அம்புட்டுதான். பேசுறத அப்படியே அச்சடிச்சா கௌரவக் கொறச்சல்னு, எழுதுற தமிழையே பேசச் சொல்லிக் குடுத்திருக்கான் புண்ணியவான். இத வச்சுக்கிட்டு விசாரணைக்குப் போனா, அங்கயும் சிரிப்பாவ."

அவள் பேசியதில் பாதிதான் மினதிக்குப் புரிந்தது. ஆனால் புரிந்தது. வில்லையில்லாமல் புரிந்தது. அதற்கே ஒரு கணம் அழுகை நின்றுவிட்டது.

"பின்னே... எங்கே கற்பது?"

"எங்கேயா? வா காட்டுதேன்."

அன்றிலிருந்து பேச்சியின் பாடத்திட்டம் தொடங்கியது. அதில் ஒரே விதிதான்: தினமும் ஒரு சண்டை, எதிராளி வில்லை வழியே கேட்டு நன்றி சொன்னாலும் சரி. காய்கறி மார்க்கெட்டில் ஒரு நாள், மினிபஸ்ஸில் ஒரு நாள், தண்ணீர் லாரிக்கு முன்னால் ஒரு நாள். முதலில் மினதி பக்கத்தில் நின்று கேட்டாள். பிறகு நடுவில் ஒரு வார்த்தை போட்டாள். வார்த்தை வாக்கியமாயிற்று. சாயங்காலம் அறைக்கு வந்து, அன்று கேட்டதைப் புத்தகத்தின் ஓரங்களில் ஒடியா எழுத்தில் எழுதிவைத்தாள். 'ஐயா, இதன் விலை என்ன?' என்ற வரிக்குப் பக்கத்தில், 'ஏண்ணா, கண்ணுல ஒத்திக்கிற வெலையாச் சொல்லுங்க' என்று ஏறியது. 'தயவுகூர்ந்து வழிவிடுங்கள்' என்பதற்குப் பக்கத்தில், 'யோவ், கதவை மறிச்சுக்கிட்டு என்னா வேடிக்கை?'

வில்லையில்லாத காது அவளுக்கு வேறொன்றையும் காட்டியது. இந்த ஊரில் எல்லோரும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சனியனே, பொறுக்காம எடுத்துட்டு நட" என்று சிரித்த முகத்தோடு ஒரு காய்க்காரி ஒரு கிழவரிடம் சொன்னாள். கிழவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். வங்கி வாசலில் காவலாளி ஒருவன் வருகிறவர்களையெல்லாம் மாட்டுக்கூட்டமே என்று அன்பாக வரவேற்றுக்கொண்டிருந்தான்.

"எதிராளி காதுல போய்ச் சேராதுன்னு தெரிஞ்சு போச்சுல்லா" என்றாள் பேச்சி. "தம் பேச்சே தம் காதுக்கு வடிகட்டித்தான் கேக்கும். என்ன பேசுதோம்னு அவனவனுக்கே தெரியாது."

ஆனால் இன்னொன்றும் இருந்தது. ஒரு காலையில் மினதி மறுபடி அந்த டீக்கடைக்குப் போனாள். "அண்ணா, ஒரு டீ. சக்கரை தூக்கலா" என்றாள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. குப்புசாமி கிளாஸை நீட்டினார்.

"இந்தா கண்ணு. தம்பிக்கு எப்படி இருக்குது?"

மினதி கிளாஸை வாங்காமல் நின்றாள். "என்னைக் கண்ணுன்னா சொன்னீங்க?"

"நீ இந்தக் கடைக்கு வந்த நாள்ல இருந்து அப்படித்தானே கூப்புடறேன்?"

வந்த நாளிலிருந்து அவள் காதில் விழுந்தது, 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே'. அவ்வளவு காலமாக இந்த மனிதர் தினமும் தன்னைக் கண்ணு என்று கூப்பிட்டிருக்கிறார், ஒரு தடவைகூட அது தனக்கு வந்து சேரவில்லை. மினதி பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்தாள். கண்ணில் நீர் வந்தது. ஆவி பட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். அதையும் தமிழில்தான் சொன்னாள்.

*

விசாரணைக் கூடம் நிறைந்திருந்தது. மேடையில் விசாரணை அதிகாரி திலகவதி. கண்டிப்பானவர், நேர்மையானவர் என்று பெயர். பல வருடமாக அவரிடம் வந்த தொழிலாளர் புகார் ஒன்றிலும் தீவிரமான குற்றம் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. ஒரு பக்கம் அவினாசியப்பன், வெள்ளைச் சட்டையும் தங்கக் கடிகாரமுமாக. பின்வரிசையில் பேச்சி, அவள் தோளில் சாய்ந்து ரஞ்சன். காயம் மூட ஆரம்பித்திருந்தது. இன்னும் சில நாள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பெரிய திரையில் கம்பெனியின் சான்று ஓடியது. 'வசதிப்படும்போது ஒருமுறை பார்வையிட்டால் மகிழ்ச்சி அடைவேன்.' கீழே மினதியின் பெயர்.

"இதற்கு மேல் சொல்ல ஏதும் உண்டா?" என்று கேட்டார் திலகவதி.

மினதி எழுந்தாள். அத்தனை முகங்களைப் பார்த்ததும் சண்டை போட்டுக் கற்றதெல்லாம் மறந்துபோய், புத்தகம்தான் வாயில் வந்தது.

"பெருமதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம். நான்... நான் மிகவும்..."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. பின்வரிசையிலிருந்து பேச்சியின் குரல் வெடித்தது: "ஏட்டி! தண்ணி லாரின்னு நெனச்சுக்கோ!"

மினதி மூச்சை இழுத்து விட்டாள்.

"மேடம், நான் வசதிப்படும்போது பாருங்கன்னு சொல்லல. மிஷின் கையத் தின்னுடும், நிறுத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு நாள் இல்ல, தெனமும் கத்தினேன். இவரு காதுல போட்டுக்கவே இல்ல."

கூடத்தில் சலசலப்பு. வில்லையில்லாமல் ஓர் ஒடியாப் பெண் தமிழ் பேசுகிறாள்! திலகவதி மட்டும் அமைதியாகத் தலையாட்டினார். "நல்லது. இயந்திரத்தைக் கவனிக்கும்படி மீண்டும் மீண்டும் அன்புடன் ஆலோசனை கூறியிருக்கிறீர்கள். பதிவு செய்துகொள்கிறேன்."

மினதி திகைத்தாள். அப்போதுதான் பார்த்தாள். அதிகாரியின் காதில் ஒரு சிறு கறுப்புப் புள்ளி.

"மேடம், நான் தமிழ்ல பேசறேன். உங்களுக்குத் தமிழ் தெரியும். அப்புறம் நடுவுல அது எதுக்கு?"

"எது?"

"உங்க காதுல இருக்கறது. அதைக் கழட்டிட்டுக் கேளுங்க மேடம். கும்புட்டுக் கேக்கறேன்."

அவினாசியப்பன் எழுந்தார். வழக்கம்போல அவர் குரல் எல்லோர் காதிலும் தேனாக வழிந்தது. "மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே, அது மரபன்று." மினதி கேட்டது வேறு. அவர் உண்மையில் சொன்னதைக் கேட்டு அவள் முகம் சிவந்தது. அதிகாரி அவள் முகத்தைக் கவனித்தார். அவினாசியப்பனின் முகத்தையும் கவனித்தார். ஒரு முகம் ஏன் இப்படிச் சிவக்கிறது என்ற கேள்வி அவரை உறுத்தியிருக்க வேண்டும்.

"வெறும் வாயால் பேச விதி இருக்கிறது" என்றார் மெல்ல. "வெறும் காதால் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கூடத்தில் எல்லோரும் வில்லையைக் கழற்றுங்கள். இது உத்தரவு."

அவர் தம் காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கூடம் முழுக்கக் கைகள் காதுக்குப் போயின. அப்புறம் ஒரு விசித்திரமான அமைதி. மின்விசிறியின் கரகரப்பு பெரிதாகக் கேட்டது. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்ததும் பாதிப் பேர் துள்ளிவிட்டார்கள்.

"இப்போ சொல்லும்மா" என்றார் திலகவதி. தம் குரலே தமக்குப் புதிதாகக் கேட்டதில் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "மொதல்ல இருந்து சொல்லு."

மினதி சொன்னாள். உருளை நிற்காததைச் சொன்னாள். அந்த மிஷினில்தான் தம்பிக்கு ஷிப்ட் என்று தெரிந்து தினமும் கத்தியதைச் சொன்னாள். அவன் கத்தியபோது பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கத்தலே, 'உதவி கிடைக்குமா?' என்று கேட்டதைச் சொன்னாள். மிஷினை நிறுத்த அவர்கள் நடந்துதான் வந்தார்கள். ஓடி வரவில்லை. ஓடி வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும்.

திலகவதியின் கண்ணாடிக்குள் கண்கள் பளபளத்தன. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மினதி திரும்பினாள். அவினாசியப்பனை நேராகப் பார்த்தாள். பேச்சியிடம் கற்ற சண்டையும், இந்த ஊரில் கற்ற மரியாதையும் ஒன்றாகச் சேர்ந்து அவள் வாயில் வந்தன.

"ஏனுங்கண்ணா, அத்தன கத்தினேனே, காது செவுடுங்களா, இல்ல மனசு செவுடுங்களா? மிஷினு உங்க பெரிய கைய இழுத்திருந்தா, வசதிப்படும்போது வந்து பாக்கறோம்னு நாங்க டீ குடிச்சிக்கிட்டு நின்னிருந்தா, சும்மா இருந்திருப்பீங்களா சாமி?"

கூடம் வெடித்துச் சிரித்தது. வடிகட்டாத சிரிப்பு. அத்தனை பெரிய சிரிப்பை அந்தச் சுவர்கள் வெகு காலமாகக் கேட்டதில்லை. தன் ஊர்ப் பேச்சிலேயே, அதுவும் மரியாதை குறையாமல், நேற்று வந்த ஒருத்தி தன்னைக் கிண்டல் செய்துவிட்டாள். அவினாசியப்பனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்தார். இத்தனை வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"ஏனுங்க மேடம், இந்தக் கழுதை ஊளையிட்டதெல்லாம் ஒரு பேச்சுன்னு கேட்டுக்கிட்டு! சென்சார் போச்சுன்னு எனக்குத் தெரியாதா? இவ சொல்லித்தான் தெரியணுமா? மெக்கானிக்கு அந்த வாரமே சொல்லிப்போட்டான். கப்பலுக்குச் சரக்கு நிக்குது, மிஷினை நிறுத்திப்போட்டா இவுங்கப்பனா வந்து பொதி கட்டுவான்? போனது நாலு வெரலு! ரயிலு ரயிலா வந்து எறங்கறானுக, ஒருத்தன் போனா இன்னொருத்தன்! இதுக்கொரு விசாரணை, அதுக்கொரு..."

நிறுத்தினார்.

அவர் சொன்ன கடைசி வார்த்தை எதிர்ச்சுவரில் பட்டு அவரிடமே திரும்பி வந்தது. அவர் கை தானாகக் காதுக்குப் போய் அங்கே ஒன்றும் இல்லை என்று தடவிப் பார்த்தது. முகம் வெளுத்தது. அது தன் குரல்தானா என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார். பல வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அவினாசியப்பன் தன் பேச்சைத் தானே கேட்டிருந்தார்.

"முடிச்சிட்டீங்களா?" என்றார் திலகவதி.

அவினாசியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சிருந்துச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனி நான் கேக்க என்ன இருக்கு?" அவர் எழுந்து நின்றார். "அந்தப் பையனுக்கு இன்னிக்கே சிகிச்சை ஆரம்பிக்கணும். முழுப் பொறுப்பும் கம்பெனி மேல. அந்த மிஷினுக்கு இப்பவே சீல். மேலாளர் மேல கிரிமினல் வழக்குக்குப் பரிந்துரை செய்யறேன். இன்னொண்ணு. இனிமே இந்த மாவட்டத்துல மிஷின் ஓடற எந்த இடத்துலயும் வேலை நேரத்துல வில்லை கூடாது. ஆபத்துன்னா ஆபத்துன்னுதான் கேக்கணும்."

பின்வரிசையில் ரஞ்சன் எழுந்து நின்றுவிட்டான். என்ன உத்தரவு என்று அவனுக்குப் புரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தான். புரிந்தது. பேச்சி இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் கூடம் அதிர்ந்தது. யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. அன்று சாயங்காலம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் காயத்தின் மேல் முதல் மருந்து வைக்கப்பட்டது.

*

விரல்கள் வெண்டைப் பிஞ்சின் நுனிபோல எட்டிப் பார்த்த சமயத்தில், குப்புசாமி கடை வாசலில் தினமும் ஒரு வகுப்பு நடக்க ஆரம்பித்திருந்தது. வேலைக்குப் போகும் வழியில் எல்லோரும் நின்று கேட்பார்கள். தமிழ் கற்க ஒடியாக்காரர்கள், ஒடியா கற்கத் தமிழர்கள், இரண்டும் வேண்டும் என்று ஓர் அசாமியப் பெண். கற்றுக்கொடுப்பது யார் என்று நிச்சயமில்லை. யாருக்கு அன்று வாய் கொழுத்திருக்கிறதோ அவர்.

சாதிக் அச்சு இயந்திரம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்திருந்தார். புதிய புத்தகத்தின் முதல் படிகள் போன வாரம்தான் வந்திருந்தன. மினதி பழைய புத்தகத்தின் ஓரங்களில் எழுதிவைத்த பேச்சு, பேசுகிறபடியே அச்சாகியிருந்தது. முதல் பாடம் 'கைய எடு!' இரண்டாம் பாடம் 'நில்லு!' மூன்றாவது, ஒருவரைக் கண்ணு என்று எப்போது கூப்பிடலாம். திட்டுகளுக்குத் தனி அத்தியாயம் வேண்டும் என்று பேச்சி அடம்பிடித்து வாங்கியிருந்தாள். அதற்காகவே புத்தகம் விற்றது.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் இறங்கி, கைகூப்பி, இன்சொல் நிறுவனத்திலிருந்து வருவதாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டான். பேசுவதை முன்பே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான் போலும், பிசிறில்லாமல் வந்தது.

"உங்கள் புத்தகத்தைப் பார்த்தோம். அருமை. இதிலுள்ள பேச்சை எல்லாம் எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். 'உண்மைப் பேச்சு' என்று புதிய சேவை ஒன்று தொடங்குகிறோம். மாதச் சந்தா கட்டுபவர்களுக்கு வடிகட்டாமல் கேட்கும். புத்தகத்தை மட்டும் நிறுத்திவிட வேண்டும். சம்மதமா?"

ரஞ்சன் அக்காவைப் பார்த்தான்.

மினதி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"ஏந்தம்பி, எங்க வாயில இருக்கறத எங்களுக்கே வெலைக்கு விக்கறதுக்கு வந்தீங்களா? என் தம்பி கத்தினத எவன் காதுலயும் விழ விடாம செஞ்சது உங்க சாமான்தான். அதுக்கு ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கத் தோணல, பேச்சைக் குடுன்னு கை நீட்டத் தோணுது. வெக்கமா இல்ல? வந்த வழியப் பாத்து நடையக் கட்டுங்க!"

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இளைஞனின் முகம் மலர்ந்தது.

"மிக்க நன்றி, அம்மா. இவ்வளவு அன்பாகப் பரிசீலிப்பதாகச் சொன்னதற்கு மகிழ்ச்சி. ஒப்பந்தத்தை நாளையே அனுப்பி வைக்கிறேன்."

டீக்கடை முழுதும் குலுங்கிச் சிரித்தது. குப்புசாமி சிரிப்பில் பாலைக் கொட்டிவிட்டார். பேச்சி பெஞ்சில் சரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் இளைஞனும் கூடச் சேர்ந்து புன்னகைத்தான்.

மினதிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். ஒரு டீயை வாங்கி அவன் கையில் வைத்தாள். பிறகு தன் காதைத் தொட்டு, அவன் காதைக் காட்டினாள்.

அவன் தயங்கினான். சுற்றிலும் பார்த்தான். மெதுவாகக் காதிலிருந்து வில்லையை எடுத்தான். தெருவின் இரைச்சல் மொத்தமும் ஒரேயடியாக உள்ளே புகுந்ததில் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"பயப்படாதீங்க, பழகிடும்" என்றாள் மினதி. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இப்ப மொதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க."